பதினான்காம் நம்பர் ஜெர்சி

நான் ஒரு அடிமுட்டாள். ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் பினிஷிங் பிரிவில் வேலை செய்தே, உலகத்தில் உள்ளதெல்லாம் தோல்தான் என்று நம்பிவிட்டவன்.

என் தோஸ்த் தேசிய கால்பந்து லீக்கின் முதல் பிரிவில் ஒரே ஒரு சீசன் ஆடினான். அந்த கிளப்பைப் பிற்பாடு இழுத்து மூடிவிட்டார்கள். அவன் ஆடியதற்கு மிஞ்சிய சாட்சி, பதினான்காம் நம்பர் ஜெர்சி மட்டும். சென்னையில் பழைய ஜெர்சிகளின் கண்காட்சிக்கு அதைக் கேட்டிருந்தார்கள். முதுகிலிருந்த நம்பர் வெடித்து உதிர ஆரம்பித்திருந்தது.

"குடுடா, ஷோரூம் பீஸ் மாதிரி ஆக்கித் தர்றேன்" என்று வாங்கிப் போனேன்.

வெடித்த தோலுக்குச் செய்வதையே செய்தேன். பளபளப்புக்கு லாக்கர் பூச்சு அடித்து, பிளேட்டிங் மெஷினில் சூடாக அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் நம்பரும் கிளப் சின்னமும் மெஷின் தகட்டில் ஒட்டியிருந்தன. ஜெர்சி சுட்ட அப்பளமாகச் சுருண்டிருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் விரித்து, வெறும் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னாடா, ஏதாவது சொல்லு. வேணும்னா நானே சென்னைக்கு வந்து, நீ ஆடுனேன்னு சாட்சி சொல்றேன்" என்றேன்.

நிமிராமலே சொன்னான்: "நீ ஒரு மேட்ச்கூட வந்து பாத்ததில்ல."