முள்ளங்கி வரைந்த திரை

ஹிசானோவின் உதோன் நூடுல்ஸ் கடை வாசலில் தொங்கிய திரை, ஓவியர் ஒரித்தோ எழுதிக் கொடுத்தது. எதிர்க் கடையில் தோஃபு விற்கும் எனக்கு இரண்டு பேரையும் முப்பத்தொரு வருஷமாகத் தெரியும். நீலத் துணியில் வெள்ளையாக ஒரு முள்ளங்கி, பக்கத்தில் பட்டைத் தூரிகையால் ‘உதோன்’ என்ற எழுத்து. கையெழுத்து கிடையாது. கிண்ணம் செய்கிறவன் கிண்ணத்தில் பேரா போடுகிறான், புழங்கப் புழங்கத்தான் எதற்கும் அழகு வரும் என்பார் ஒரித்தோ. கேட்க நன்றாகத்தான் இருக்கும். புழங்குகிறவள் ஹிசானோ அல்லவா?

எங்கள் ஊரான தொத்தோரியில் குளிர்காலம் முழுக்க மழை, இல்லாவிட்டால் பனி. தினமும் கடை திறக்கும்போது மூங்கில் கழியோடு திரையைத் தலைக்கு மேலே தூக்கி மாட்டுவாள், மூடும்போது இறக்குவாள். சாப்பிட்டுப் போகிறவர்கள் அதன் ஓரத்தில் விரலைத் துடைப்பார்கள். திரை அழுக்கானால் கூட்டம் அதிகம் என்று அர்த்தம், அதுதான் கடைக்கு மரியாதை. மாதம் ஒருமுறை அலசுவாள், கறை மட்டும் போகாது. புருஷன் போன பிறகு எல்லாம் ஒற்றை ஆளாகத்தான். இந்த வருஷம் அவளுடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

போன மாதம் அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து, திரையைக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறோம், கொடுங்கள் என்றார். மாற்றாக லேசான நைலான் திரை வாங்கித் தருவதாகவும் சொன்னார். ஹிசானோ யோசிக்கவே இல்லை, சரியென்றாள்.

சேதி கேட்டு ஒரித்தோ தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பத்திரண்டு வயது. கடை இன்னும் திறக்கவில்லை. நான் தோஃபு கொடுக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். தன் படமெல்லாம் கண்ணாடிக்குள் போய்விட்டது, புழக்கத்தில் மிச்சம் இது ஒன்றுதான், இதுவும் போனால் ஆயுசெல்லாம் பேசியது வெறும் பேச்சாகிவிடும் என்று கெஞ்சினார்.

ஹிசானோ கொதிக்கும் பானையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வாத்தியாரே, நீங்க ஒரு நாள் எழுதுனீங்க. நான் முப்பத்தொரு வருஷமா தூக்குறேன். முடியல.”

அவர் தடியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த திரையைக் கழியோடு தூக்கினார். மார்புவரை வந்தது, அதற்கு மேல் போகவில்லை. நான் கைகொடுக்கப் போனேன்; ஹிசானோ கண்ணாலேயே தடுத்தாள். மூன்றாம் தடவை கழி நழுவி, துணி அவர் தலைமேலேயே விழுந்தது.

“இவ்ளோ கனமா இது?” என்று உள்ளிருந்து கேட்டார்.

“இது காஞ்சது. மழையில வந்து பாருங்க.”

வெகுநேரம் துணிக்குள்ளேயே நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“குடுத்துடும்மா” என்றார் கடைசியில்.

நைலான் திரையை ஹிசானோ இடது கையாலேயே மாட்டிவிட்டாள். முதல் நாள் சாப்பிட வந்த ஒரித்தோ, வெளியே போகும்போது அதன் ஓரத்தில் விரலைத் துடைத்தார். எண்ணெய் அதில் ஒட்டவில்லை, விரலிலேயே இருந்தது. இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தார்.

“விடுங்க வாத்தியாரே” என்றாள் ஹிசானோ, தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டே. “தொவைக்கிற வேல மிச்சம்.”