கூட உட்கார ஒரு ஆள்

அயர்லாந்துக்கு வந்த புதிதில், இந்தச் சின்ன ஊரின் பொது நூலகத்துக்கு முதல் தடவை போனபோது ஷூவைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். திண்டுக்கல்லில் அப்படித்தானே போவோம். முன்மேசையில் இருந்த ஓர்லா என்கிற பெண் என் காலையே பார்த்தாள். பிறகு எழுந்து ஓடி, ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் முதலுதவிப் பெட்டியுமாக வந்து நின்றாள். புது ஷூ கடித்துக் கொப்புளம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். "நோ, நோ, ரெஸ்பெக்ட்" என்றேன். அதற்கும் பரிவாகத் தலையாட்டிவிட்டு ஒரு பிளாஸ்திரியை நீட்டினாள். மறுக்கத் தெரியாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். படிக்கிற இடத்துக்குள் சேற்றுக் காலோடு போகிற ஜனங்கள் என்று அன்றிரவு அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தேன்.

எனக்கு இங்கே கேர் ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில் வேலை. வியாழக்கிழமைதோறும் காலையில், டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த நான்கு முதியவர்களை வண்டியில் ஏற்றி அதே நூலகத்துக்குக் கூட்டிப்போவோம். என் பொறுப்பு பாட் என்கிற பெரியவர். ஜன்னலோரம் ஒரு மேசை அவர்களுக்கென்றே இருக்கும். பெரிய எழுத்துப் புத்தகங்கள், பழைய புகைப்படங்கள், ஒரு மரப்பெட்டி நிறையப் பழஞ்சாமான்கள். அதில் ஒரு பழைய பஸ் டிக்கெட் மெஷினும் உண்டு. பாட் அதன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே செய்தித்தாளில் இறந்தவர்களின் பெயர்களைச் சத்தமாக வாசிப்பார். யாரும் உஷ் என்று சொன்னதில்லை. ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்டாலும் ஓர்லா ஏழாவது தடவையும் முதல் தடவைபோலவே பதில் சொல்வாள். பாட் என்னைப் பக்கத்து வீட்டுப் பெண் என்றே நினைக்கிறார். கிளம்பும்போது நான் குனிந்து அவர் ஷூ கயிற்றைக் கட்டுவேன். அப்போது மறக்காமல் சொல்வார்: "வீட்டுக்குப் போம்மா, உன் அப்பா தேடுவார்." எல்லோரும் சிரிப்போம்.

என் அப்பா தாடிக்கொம்பு, அகரம் வழியாகப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு காலை டிபன் முடிந்ததும் தேய்த்த சட்டையும் துடைத்த செருப்புமாக, நாகல் நகர் வீட்டிலிருந்து நடந்துபோய்க் கிளை நூலகத்தில் உட்கார்ந்துவிடுவார். பதிவேட்டில் அவர் கையெழுத்துதான் முதல் கையெழுத்து. செருப்பில்லாமல் தெருவில் இறங்குவதும் சட்டையில்லாமல் இறங்குவதும் அவருக்கு ஒன்றுதான். மறதி நோய் வந்து என் பெயர் போனது, சாப்பிட்டோமா இல்லையா என்பது போனது, ஆனால் நூலகத்துக்குப் போகிற வழி மட்டும் போகவில்லை. பேப்பரைத் தலைகீழாக வைத்துக்கொண்டாவது பன்னிரண்டு மணி வரை அமைதியாக இருப்பார். அந்த நேரத்தில்தான் அம்மா குளிப்பாள், சமைப்பாள், கொஞ்சம் அழுவாள்.

வினை செருப்பில் வந்தது. வாசலில் கிடக்கிற அம்புட்டுச் செருப்பில் தன்னுடையது எதுவென்று அப்பாவுக்குத் தெரியாமல் போனது. கால் நுழைந்த செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா அப்பா செருப்பில் சிவப்பு நூல் கட்டிப் பார்த்தாள். நூல் எதற்கு என்பதும் அவருக்கு மறந்துவிட்டது. இப்போது அந்த நூலகத்தில் பாதிப் பேர் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். ஷபானா என்கிற பெண்ணின் செருப்பை அப்பா இரண்டு தடவை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாவது தடவை அவள் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் புகார் எழுதிக் கொடுத்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

நூலகர் என் அம்மாவைக் கூப்பிட்டு, இனி அப்பாவைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்று சொன்னதும், நான் அவருக்குப் போன் போட்டேன். இங்கே நடப்பதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். தனி மேசை, பெரிய எழுத்து, பழைய சாமான் பெட்டி. அவர் முழுக்கக் கேட்டார்.

"அங்க எத்தனை பேரும்மா வேல பாக்குறாக?"

"அஞ்சு பேர் சார்."

"இங்க நான் ஒத்த ஆளும்மா. தொறக்குறதும் நான்தான், கூட்டுறதும் நான்தான். கண்டக்டர் சார் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கூட ஒரு ஆளு உக்காந்தாப் போதும், தாராளமா வரட்டும்."

கூட ஒரு ஆள். அந்த வார்த்தை இன்னமும் என்னை விடவில்லை. அம்மாவுக்கு முட்டி தேய்ந்து நூலகத்தின் படி ஏற முடியாது. நான் ஒரே பிள்ளை. சம்பளத்துக்கு வைத்த பெண் நான்காம் நாள் சொல்லாமல் நின்றுவிட்டாள். அப்பாவின் பக்கத்தில் உட்கார வேண்டிய அந்த ஒரு ஆளான நான், ஐயாயிரம் மைலுக்கு அப்பால், இன்னொருவரின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள், சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

நூலகம் நின்றுபோனதும் அப்பா வீட்டுக்குள் கூண்டில் மாட்டியதுபோல நடக்க ஆரம்பித்தார். வாசலுக்கும் அடுப்படிக்கும் நாள் முழுக்க நடை. அம்மா சலித்துப்போய்ச் சொன்னாள்: "கதவப் பூட்டிறவா ஸ்டெல்லா? திண்டுக்கல்லுல பூட்டுக்கா பஞ்சம்?" நான் கத்தினேன். "ஏம்மா, அப்பா என்ன ஆடா மாடா அடைச்சு வைக்க?" பயிற்சியில் படித்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அதோடு விட்டேனா, யோசனையும் சொன்னேன். "அப்பா செருப்பு இல்லாம வெளிய எறங்க மாட்டாரும்மா. செருப்ப எடுத்து பீரோவுக்கு மேல ஒளிச்சு வச்சிரு, போதும்." என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அம்மாவும் அப்படியே செய்தாள்.

ஒரு மதியம் சிலிண்டர்க்காரர் வந்திருக்கிறார். அம்மா அடுப்படியில் சிலிண்டரை மாட்டச் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் செத்த நேரத்தில் அப்பா இறங்கிவிட்டார். வெறுங்காலோடு. முதலில் நூலகத்துக்குத்தான் போயிருக்கிறார். அன்றைக்கு வார விடுமுறை. பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார் என்று எதிர்க் கடைக்காரர் பிறகு சொன்னார். அங்கிருந்து தாடிக்கொம்பு ரோடு. வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸில் போன ரோடு. தார் இளகுகிற வெயிலில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஊர்ப்பெயரைக் கூவிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு நடந்திருக்கிறார்.

அவரை அடையாளம் கண்டவள் ஷபானா. பஸ்ஸிலிருந்து பார்த்து இறங்கி ஓடியிருக்கிறாள். தன் செருப்பைக் கழற்றி அவர் காலில் மாட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து, நூலகருக்குப் போன் செய்து விலாசம் கேட்டு வீடு சேர்த்தாள். அம்மா அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டபோது, "இந்தத் தடவ நானாத்தான் குடுத்தேன் ஆன்ட்டி" என்றாளாம்.

இரண்டு உள்ளங்காலிலும் தோல் உரிந்துவிட்டது. சர்க்கரை வேறு இருப்பதால் புண் ஆறவில்லை. வீடியோ காலில் அம்மா அவர் பாதத்தில் போட்டிருந்த கட்டைக் காட்டினாள். என் மேசை இழுப்பறையைத் திறந்தால், ஓர்லா கொடுத்த பிளாஸ்திரி உறை பிரிக்காமல் கிடக்கிறது. அன்றைக்கு என் காலில் ஒன்றுமே இல்லை.

ஊரில் இருக்கிறவர்களே, நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. செருப்பு வைக்க எண் போட்ட ஒரு தட்டு. பரீட்சைக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், வாரத்தில் ஒரு நாள், கூட உட்காருவதற்கு. அயர்லாந்து பணக்கார தேசம், நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள். வெயிலில் தன் செருப்பைக் கழற்றிக் கொடுக்கிற பெண் எங்கள் ஊரில்தான் இருக்கிறாள். என்னைப்போல வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. போனில் யோசனை சொல்லாதீர்கள் என்பதைத் தவிர.

போன வாரம் நூலகரே அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். "கதவுக்கு உள்ளயே கண்டக்டர் சார் செருப்புக்கு ஓரிடம் ஒதுக்கி, பேரும் எழுதி ஒட்டிட்டேம்மா. யாரயாச்சும் கூட அனுப்புங்க." நல்ல மனுஷர். ஆனால் அப்பாவால் இப்போது எழுந்து நிற்க முடியவில்லை. படுத்தபடியே, நூலகம் திறந்துவிட்டதா என்று கேட்கிறார். இந்நேரம் திறந்திருக்கும் என்கிறாள் அம்மா. அப்படியானால் செருப்பை எடு என்கிறார். அம்மா எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறாள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்கிறார். விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்று ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்றார்கள். பாட் பக்கத்தில் உட்காரவும் ஒரு ஆள் வேண்டுமே.

நேற்று வியாழக்கிழமை. பாட் டிக்கெட் மெஷினின் கைப்பிடியைச் சுற்றினார், பெயர்களை வாசித்தார். கிளம்பும் நேரம் வந்ததும் பார்த்தால், ஒரு காலின் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் போட்டிருந்தார். அவர் காலடியில் மண்டியிட்டு மாட்டினேன். வெள்ளையான, வழவழப்பான, ஒரு கீறல்கூட இல்லாத பாதம். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட பாதம். நான் பார்த்துக்கொண்ட பாதம். என் தலையில் கை வைத்து வழக்கம்போல் சொன்னார்: "வீட்டுக்குப் போம்மா, உன் அப்பா தேடுவார்." ஓர்லா சிரித்தாள்.

"தேடிக்கிட்டுத்தான் இருக்காரு" என்றேன், தமிழில். அவருக்குப் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, கட்டுவதற்கு அடுத்த காலை நீட்டினார்.