தூரோடு பிடுங்கிய புல்

பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு இறக்கிய தீவனக் கட்டிலிருந்து கொழுக்கட்டைப் புல்லின் வாசனை வந்ததும், இன்று சுண்ணாம்புக்கல் குழியாகிவிட்ட எங்கள் அரியலூர் மேய்க்கால் நிலம் நினைவில் விரிந்தது.

1940-களில், என் சிறுவயதில், மழை பொய்த்த வருடம் அது. மேலே சருகானாலும் வேரில் உயிரை வைத்துக்கொண்டு அந்தப் புல் மழைக்குக் காத்திருக்கும் என்பதால், அதை யாரும் தூரோடு பிடுங்கமாட்டார்கள். அம்மா பிடுங்கினாள். எழமுடியாமல் கிடந்த எங்கள் பசுவுக்காகக் களைக்கொத்தால் தோண்டி, மண் உதறி, வேரையும் ஊட்டினாள்.

"வேர உட்டுடு புள்ள, ஒரு மழ பேஞ்சா தளுத்துரும்," என்றார் அப்பா.

"அதுவரைக்கும் இது தாங்கணும்ல?"

மூன்றாம் நாள் பசு செத்தது. மறுநாளே மழை. ஒரே வாரத்தில் மேய்க்கால் பச்சை பிடிக்க, அம்மா தோண்டிய குழிகளில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. மாடில்லாத அம்மா, பக்கத்துத் தூர்களைப் பிரித்து, குழிக்கொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள்.