யூனியன்வில்லிலிருந்து மார்த்தா அம்மாள்

சனிக்கிழமை காலை. புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றேன். டெலிபோன் அடித்தது. நேசமக்காவின் மகள் வாணி. "அன்ரி..." என்றாள். அதற்கு மேல் அவளால் கதைக்க முடியவில்லை. "சொல்லாதை பிள்ளை, விளங்கிட்டுது" என்றேன். மாக்கையோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். போன கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அந்தச் சிரிப்புச் சிரித்த மனுசி, சொல்லாமல் கொள்ளாமல் இப்படிப் போகலாமா?

உங்களில் பலருக்கு அவரை றிச்மண்ட் ஹில் கோயிலில் தெரிந்திருக்கும். பிரசாத வரிசையில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கச் சிரிக்கிற மட்டக்களப்பு மனுசி அவர்தான். ஊரில் இங்கிலிஷ் ரீச்சர். இங்கே பேரனைப் பார்க்கிற அம்மம்மா. எண்பத்து நாலில், கனடாவுக்கு வந்த புதிதில், ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கிற மெஷினை நான் காலால் உதைத்துக்கொண்டு நின்றபோது, "அதுக்கு நோகப்போகுதுகா" என்று பின்னால் மட்டக்களப்புக் 'கா' போட்டு ஒரு குரல். எங்கள் சிநேகிதம் அங்கேதான் தொடங்கியது.

அடுத்த வருஷம் மகள் யூனியன்வில்லில் வீடு வாங்கி, தாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கார் இல்லாதவளுக்கு அது வேறு நாடு. டெலிபோன் இருந்தது, உண்மைதான். ஆனால் அது குசினிச் சுவரில் தொங்கியது. "மருமகன் சோறு தின்னுற இடத்தில நிண்டு மனசில கிடக்கிறதக் கதைக்க ஏலுமாகா?" என்பார். அதனால் கடிதம். ஒரு மணித்தியாலத் தூரத்துக்கு முத்திரை ஒட்டிக் கடிதம்! தையல் பாக்டரியில் கூட வேலை செய்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தொடக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. பனி, வேலை, திரும்பவும் பனி. அப்போதுதான் ஒரு தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனையில் அட்டை கிழிந்த புத்தகமொன்று அவர் கையில் அகப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சின்ன ஊரொன்றிலிருந்த மார்த்தா என்ற விதவை, துறைமுகப் பட்டினத்திலிருந்த தன் சிநேகிதிக்கு வாழ்நாள் முழுக்க எழுதிய கடிதங்கள். சிநேகிதியின் புருஷன் கப்பல்காரன். அவள் எழுதிய பதில்கள் ஒன்றும் மிஞ்சவில்லையாம். நேசமக்கா முதல் கடிதத்தைத் தமிழாக்கி எனக்கு அனுப்பி, அடியில் ஒரு வரி போட்டிருந்தார்: "மற்றவட பதில் துலைஞ்சு போச்சு. அத நீ எழுது."

எனக்கு இங்கிலாந்தும் தெரியாது, அந்த நூற்றாண்டும் தெரியாது. இருந்தாலும் விடுவேனா? கப்பல்காரன் பெண்சாதியாக என்னை நினைத்துக்கொண்டு எழுதினேன். பனியில் பஸ் பிந்திவிட்டது, சீனன் கடை மீன் சரியில்லை என்றெல்லாம் வந்துவிட்டது. நாலாம் நாள் மார்த்தா அம்மாளின் பதில்: "அன்புத் தோழி, பஸ் என்று எழுதியிருக்கிறாய். அது புது இனக் குதிரையா? பிந்துகிற குதிரையை விற்றுவிடு." பாக்டரி மதியச் சாப்பாட்டு மேசையில் இதை வாசித்து, இடியப்பம் மூக்கில் ஏறும் வரைக்கும் சிரித்தேன்.

வருஷக்கணக்காக இப்படிப் போனது. எது புத்தகத்தில் இருந்தது, எது நேசமக்கா சேர்த்தது என்று நான் கேட்டதில்லை. நேரில் கண்டால் அந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு சொல் கதைக்க மாட்டோம். அது எழுதாத சட்டம். "கடிதத்தில சுகம் எண்டு எழுதிப்போட்டா மறுகா என்னத்த எழுதுற? சுகமில்லாதத எழுதுகா" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

எண்பத்தேழு ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. தபாலும் இல்லை, டெலிபோனும் இல்லை. என்னுடைய மனுசன் வீடு வளவைப் பார்க்கவென்று அங்கே நின்றுவிட்டவர். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. கட்டடத்துச் சனம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "ஏதும் அறிஞ்சனீங்களோ?" என்று கேட்டது. அறிந்தால் நான் வாசலில் நின்று கூவ மாட்டேனா? கதவைச் சாத்திக்கொண்டேன். டெலிபோனைக்கூட எடுக்கவில்லை.

அப்போது மார்த்தா அம்மாளின் கடிதம் வந்தது. "அன்புத் தோழி, எதிர்க்காற்று வீசுவதால் கப்பலெல்லாம் துறைமுகங்களில் கட்டிக் கிடக்கின்றனவாம். சேதி வராதது கப்பல் வராததால்தான். அதற்கு வேறு அர்த்தம் எடுக்காதே. இன்றைக்குச் சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய் என்று எழுது. பொய் எழுதாதே."

நான் இங்கிலாந்தையும் மறந்தேன், கப்பலையும் மறந்தேன். "சாப்பிடேல்லை அக்கா. பயமாக் கிடக்கு" என்று எழுதிப் போட்டேன். அடுத்த கடிதம் உடனே வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. எல்லாம் மார்த்தா அம்மாள் பெயரில்தான். அந்தக் கிழமைகளில் நான் சோறு தின்றது, என்ன தின்றேன் என்று ஒருத்திக்கு எழுதவேண்டுமே என்பதற்காகத்தான். ஒருநாள் கொழும்பிலிருந்து ஆரோ ஒருவர் டெலிபோனில், மனுசன் கோயில் மடமொன்றில் தஞ்சமிருந்து தப்பிவிட்டார் என்று சொன்னார். இப்போது அவர் பக்கத்து அறையில் இருந்து ரீவி பார்க்கிறார்.

அவர் போவதற்கு முந்தின கிழமை ஆஸ்பத்திரியில்தான் எங்கள் சட்டத்தை நான் மீறினேன். இனி எப்போது சொல்வது என்ற பயம். "மார்த்தா அந்தக் கப்பல் கடிதத்தை எழுதியிருக்காட்டி நான் செத்திருப்பன் அக்கா" என்றேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"எந்த மார்த்தாகா? உனக்கு அனுப்ப ஒண்டு கிடைக்குமா எண்டு புத்தகம் முழுக்கத் தேடினன். மற்றவட புருஷன்ட கப்பலும் ஒருக்கா வராம நிண்டிருக்கு. இவ மார்த்தா 'கடவுள் சித்தம், பொறுத்திரு' எண்டு ரெண்டு வரி எழுதிப்போட்டு, மறுகா தன்ட பூனையப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கா. எனக்கு வந்த கோவத்துக்குப் புத்தகத்த மூடிப்போட்டன்."

"அப்ப அதுக்குப் பிறகு வந்ததெல்லாம்?"

"அதுக்குப் பிறகு அவட கையில நான் பேனையக் குடுக்கல்ல" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ச்சீ, என்னகா உது" என்று அதட்டினார். ஆனால் கையை எடுக்கவில்லை. நேசமக்கா, நீங்கள் என்மேல் வைத்த அன்புக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன். அந்த மட்டில் எனக்கு ஆறுதல்.

நேற்று வாணி வந்தாள். கையில் அந்த அட்டை கிழிந்த புத்தகம். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அம்மாவின் மொழிபெயர்ப்பைப் போட ஆசைப்படுகிறார்களாம். "எது உண்மையான கடிதம், எது அம்மா தானாய் எழுதினது எண்டு நீங்கள் ஒருக்கா ஒத்துப் பாத்துச் சொல்லுங்கோ அன்ரி" என்றாள்.

பிஸ்கட் பேணியைத் திறந்து, இவ்வளவு காலமும் சேர்த்த கடிதங்களை அவளுக்குக் காட்டினேன். நேசமக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவும்தான். எனக்கு இது காணும், வேறொன்றும் வேண்டாம். புத்தகத்தை நான் திறக்கவில்லை.

"உதை நீ கொண்டு போ பிள்ளை" என்றேன். "உண்மையான கடிதங்கள் என்னட்டை இருக்கு."