ஆளுக்கு ஒரு பை

உத்திரமேரூர் பஞ்சாயத்து யூனியனில் கிராம சேவிகாவாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் ஊராகப் போய் இரண்டு மூன்று நாள் தங்கி, பெண்களைக் கூட்டி மாதர் சங்கம் அமைக்க வேண்டும். புகையில்லாத அடுப்பு கட்டவும், கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதுதான் வேலை. முதலில் காவாந்தண்டலத்துக்கு அனுப்பினார்கள். தங்கப்போவது இரண்டே இரவு. அதற்கு நான் ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு கூஜா சகிதம் மாட்டுவண்டியில் போய் இறங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், வெளியே நின்றிருந்த பெண்கள் உள்ளே வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு பொருளும் கைமாறிக் கைமாறிப் போனது. கண்ணாடி, பவுடர் டப்பா, நாலு புடவை, இரண்டு புத்தகம், கடைசியில் கொசுவலை.

"இது இன்னாம்மா, மீன் புடிக்கிற வலையா?"

கேட்டவள் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். காலனியில் இருப்பவள், கூலிக்கு நடவுக்கும் களைக்கும் போகிறவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள். அவள் ஏன் படி ஏறவில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டேன். "இங்கியே நல்லா தெரியுதும்மா" என்றாள்.

கொசுவலையை விரித்துக் காட்டினேன். அவளுடைய அடுத்த கேள்வி தயாராக இருந்தது.

"எத்தினி மாசம் இருக்கப் போற?"

"மாசமா? நாளன்னைக்குப் போயிடுவேன்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கடைசியில் ஒருத்தி தயங்கிக் கேட்டாள். "அப்போ வூட்ல எதனா சண்டையா? கோவிச்சிகினு வந்துட்டியா?"

இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றேன். அதற்குப் பிறகு புகையில்லாத அடுப்பைப் பற்றிப் பேச அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த முறை கொசுவலையை விட்டுவிட்டுப் போனேன். அதற்கடுத்த முறை கண்ணாடி நின்றது. பிறகு படுக்கை, பிறகு பெட்டி. ஆறேழு மாதத்தில், ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி இரண்டு நாள் வெளியூரில் இருந்துவிட்டு வருகிறவளாக மாறியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு பொருள் உண்மையிலேயே வேண்டுமா என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் சம்பா அறுவடை முடிந்து பங்குனி பிறந்ததும், மாதர் சங்கப் பெண்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய் வர யூனியனில் ஏற்பாடு செய்தார்கள். ஒரு ராத்திரி தங்கல். ஒரு வேன், பன்னிரண்டு பெண்கள். டிரைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மேல கட்ட கேரியர் கிடையாது. ஆளுக்கு ஒரு பை. அதுக்கு மேல ஒரு சொம்பு இருந்தாலும் வண்டி எடுக்க மாட்டேன்."

விடிந்ததும் யூனியன் ஆபீஸ் வாசலில் எல்லோருடைய பையையும் நான்தான் பார்த்தேன். பலருக்கு உத்திரமேரூர் சந்தையைத் தாண்டிய முதல் பயணம். ஒருத்தி முறுக்கைத் தவிர எதையுமே எடுத்து வரவில்லை. இன்னொருத்தி பையில் கதிர் அரிவாள் இருந்தது. "தெரியாத எடத்துல தூங்கணும், தலமாட்டுல இரும்பு வேணாமா?" என்றாள். நிலக்காரர் வீட்டம்மா ஒருவர் மூன்று மூட்டையோடு வந்திருந்தார். கட்டுச்சோறு, செப்புக்குடத்தில் தண்ணீர், மாற்றுப்புடவைகள். மற்றவர்கள் தொட்ட தண்ணீரைக் குடிக்காமல் இரண்டு நாளைச் சமாளிக்கும் ஏற்பாடு அது. டிரைவர் பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டார். அந்தம்மாவிடம் பேசி ஜெயிக்க எனக்கும் தெம்பில்லை.

வரிசையில் கடைசியாக, கொசுவலையைப் பற்றிக் கேட்ட அந்தக் காலனிப் பெண் நின்றிருந்தாள். கையில் சாக்கை வெட்டித் தைத்த பை. வாங்கிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

"என்ன இது, காலியா இருக்கு?"

"ஆமா. போறப்போ இன்னாத்துக்கு செமக்கணும்? வர்றப்பதான் வேணும்."

"மாத்துப் புடவை?"

"ஒண்ண கட்டிகினு கீறேன். இன்னொண்ண எம் பொண்ணு கட்டிகினு கீது. ரெண்டு நாளுதானே."

சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. நான் ஏழெட்டு மாதமாகப் பழகிப் பெருமைப்பட்ட வித்தை அவளுக்கு வித்தையே இல்லை. குறைப்பதற்கு அவளிடம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் காலிப் பை எதற்கு? கேட்டேன்.

"உப்பு வெளையுற எடம் அங்கதான கீதாம்? அத்த பாக்கணும். பாத்துட்டு கொஞ்சம் எட்தாரணும்."

அப்போது நிலக்காரர் வீட்டம்மா தன் மூட்டையில் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். "உன் பை காலியாத்தானேடி கீது. இத்த மடியில வச்சிகினு வா."

"பைதாம்மா காலி. நான் காலியா இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் வேனில் ஏறிப் பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்தம்மா மூட்டையைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். பிறகு டிரைவர் ஹாரனை அடித்தார்.

செங்கல்பட்டு தாண்டும்வரை அவள் என்னைக் கேள்வியால் துளைத்தாள். உப்புக்கு நாற்று விடுவார்களா? எத்தனை மாதப் பயிர்? களை எடுப்பது ஆணா பெண்ணா? அது விளைவதாக எல்லோரும் சொல்கிறார்கள், விளைந்தால் கதிர் வருமா, கிழங்கு மாதிரியா? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கல்லூரி வாசலை மிதித்தவள் நான். தினமும் சோற்றில் போட்டுக்கொள்கிற ஒரு பொருள் எப்படி வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மாமல்லபுரத்தில் கற்கோயில்களைப் பார்த்தார்கள். கல் யானை முன்னால் நின்று எல்லோரும் வாய்பிளந்தார்கள். கடலைக் கண்டதும் பன்னிரண்டு பேரும் புடவையோடு இறங்கிவிட்டார்கள். ஏறி வந்தபோது எல்லோரும் மாற்றுப்புடவையைத் தேடினார்கள். நிலக்காரர் வீட்டம்மா மூட்டையிலிருந்து ஒரு பழைய புடவையை எடுத்து, காலனிப் பெண்ணிருந்த திசையில் நீட்டினார். "கட்டிக்கோ. திருப்பிக் குடுக்க வேணாம்." அதில் இரக்கம் இருந்தது, அவள் உடுத்தியதை மறுபடி தன்னால் கட்டிக்கொள்ள முடியாது என்பதும் இருந்தது. "வெயில் கீதும்மா, காஞ்சிடும்" என்றாள் அவள். மணலில் கை விரித்து நடந்து நடந்தே காய்ந்தும் போனாள். உப்புப் பூத்துப் புடவை மொடமொடவென்று நின்றது. அதை நக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை, திரும்பும்போது கொஞ்சம் சுற்றி, கடல்நீர் ஏறி வரும் கழியோரம் இருந்த உப்பளத்துக்குப் போகச் சொன்னேன். டிரைவர் முணுமுணுத்தார். மற்றவர்களுக்கும் பெரிய விருப்பமில்லை. வேன் நின்றதும் இறங்கியது நானும் அவளும் மட்டும்தான்.

வரப்பு கட்டிய பாத்திகள், வாய்க்கால், மடை. எல்லாம் வயல் மாதிரியே இருந்தது, ஆனால் பச்சையே இல்லை. கண் கூசும் வெள்ளை. நீளக் கொம்பில் பலகை பொருத்தி ஒரு பெண் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். என்னோடு வந்தவளின் வயதுதான். பாதமெல்லாம் வெடித்து வெளுத்திருந்தது. இவள் நேரே போய் வரப்பில் குந்திக்கொண்டாள்.

"இதுக்கு நாத்து எது?"

உப்பளத்துக்காரி வேலையை நிறுத்தாமல் கழிப்பக்கம் தாடையைக் காட்டினாள். "தோ, அந்தத் தண்ணிதான் நாத்து. உள்ள உட்டு, மடைய அடைச்சிட்டு, வெயில வேல செய்ய உட்டுடுவோம்."

"களை?"

அதற்கு அவள் நின்று யோசித்தாள். "மழதான். ஒரு மழ வந்துச்சின்னா அம்புட்டும் கரஞ்சி பூடும்."

"மழ வந்தா பூடுமா?" இவளுக்கு நம்பிக்கையில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மழ வந்தா கெட்டுப்போற வெள்ளாமையா? நாங்க மழைக்கி பொங்க வெக்கிறோம்."

"நாங்க வராம இருக்க வெக்கிறோம்" என்றாள் உப்பளத்துக்காரி. இருவரும் சிரித்தார்கள். நான் இரண்டு சாமிகளையும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு கேள்வி அந்தப் பக்கமிருந்து வந்தது. நெல்லை எப்படி நடுவீர்கள், ஒவ்வொன்றாகவா, பின்னால் நடந்தா, முன்னால் நடந்தா? அவள் பிறந்ததிலிருந்து சோறு தின்கிறாள், நாற்று நட்டுப் பார்த்ததில்லை. இவள் எழுந்து, உப்புப் பாத்தியிலேயே குனிந்து, வெறும் கையால் நட்டுக் காட்டினாள். விரல் மூன்றையும் எப்படி மடக்க வேண்டும், நாற்றுக் குத்தை எவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும் என்று. வேனில் ஹாரன் மூன்று முறை அடித்தது. உப்பளத்துக்காரி சாக்குப்பையை வாங்கி, ஈரம் சொட்டச் சொட்ட உப்பை வாரி நிரப்பிக் கொடுத்தாள்.

"ஐப்பசியில எங்களுக்கு வேல கெடையாது. வந்தா நடறத காட்டுவியா?"

"உத்திரமேரூர்ல எறங்கி, காவாந்தண்டலம்னு கேளு."

திரும்பும் வழியில் அந்தப் பை வேன் பூராவும் ஒழுகியது. உப்புத்தண்ணீர் ஓடி நிலக்காரர் வீட்டம்மாவின் மூட்டைகளை நனைத்தது. அவர் போட்ட சத்தம் திருக்கழுக்குன்றம்வரை ஓயவில்லை. இரும்பு துருப்பிடித்துவிடும் என்று டிரைவரும் சேர்ந்துகொண்டார். என்னிடமிருந்த துண்டால் நான் துடைத்துக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே "மழ வந்தா கரஞ்சி பூடுமாம்" என்று இரண்டு முறை சொன்னாள். உப்பைக் காலனியில் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தாளாம். கல்லு கல்லாக, லேசாகக் கசந்ததாம்.

அந்த உப்பளத்துக்காரி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. பயணத்தில் சொல்கிற சொல்தானே. ஐப்பசியில் ஏரி நிறைந்து, ஊரெங்கும் நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலை, உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணைச் சுற்றிக் காலியிடம் விழுந்திருந்தது. கருவாட்டு மூட்டை. அதைத் தவிர அவள் கையில் வேறொன்றும் இல்லை. "காவாந்தண்டலம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானே அவளைக் கூட்டிப்போனேன்.

நடவு நடந்தது நிலக்காரர் வீட்டம்மாவின் வயலில். அவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "யாருடி இது புதுசா?" என்றார்.

"எனக்கு ஒறமொற" என்றாள் நம்மவள், நிமிராமலே.

உப்பளத்துக்காரி சேற்றில் இறங்கினாள். நட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். குனிந்து வயல் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பளத்தில் தண்ணீர் பதமாகிவிட்டதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம், விரல் தானாகப் போய்விட்டது.

"அய்ய, சப்புனு கீதே" என்றாள். "இதுல எப்டி எதனா வெளையும்?"

வயல் பூராவும் சிரிப்பு. வரப்பிலிருந்த அந்தம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்று நாள் காலனியில் தங்கி நட்டாள். வேகம் போதவில்லை, வரிசை நிற்கவில்லை. மூன்றாம் நாள் மாலைதான் விரல் மடங்கியது என்று இவள் சொன்னாள். அடுத்த வருஷமும் வந்ததாகக் கேள்வி. நான் அதற்குள் வேறு யூனியனுக்கு மாறிப் போயிருந்தேன். அவள் முதலில் வந்து நட்ட வருஷம், காவாந்தண்டலத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த வயலோரம் நின்று பார்ப்பேன். நேர் வரிசைகளுக்கு நடுவில் ஒரு பட்டை மட்டும் வாய்க்கால் போல் வளைந்து வளைந்து போயிருந்தது. பயிர் தூர் கட்டி மூடிக்கொள்ளும்வரை, கார்த்திகை பூராவும் அது கண்ணுக்குத் தெரிந்தது.