பத்து நிமிடம் அறாமல்

போன் கம்பெனி அலுவலகத்தில் அவருக்குப் பெயர் "ஹலோ சார்". அழைப்பு அறாமல் ஓடுகிறதா என்று சோதிக்க நாளெல்லாம் ஹலோ சொல்வதுதான் உத்தியோகம். பதில் ஹலோ சொல்பவரும் அவரே. இடது கை போனிலிருந்து வலது கை போனுக்கு அழைத்து, கட்டடத்துக்குள்ளிருந்து தெருவுக்கு நடப்பார். வாசலில் வைஃபை ஓய்ந்து டவர் பொறுப்பேற்க வேண்டும். ஏற்கும் முன்பே, 'இது நம்ம போன்தானா' என்று டவர் விசாரித்து முடித்திருக்க வேண்டும். தாமதித்தால் பேச்சு அறுந்துவிடும். சொந்தபந்தங்களைவிட இதில் ஒழுங்கு அதிகம்.

அன்று மேலதிகாரி புதிதாக ஒரு விதி போட்டார். கடைசிச் சோதனையில் மறுமுனையில் நிஜ மனிதர் வேண்டும்; ஆபீஸ் ஆட்கள் கூடாது; பத்து நிமிடம் அறாமல் ஓட வேண்டும். மாலைக்குள் முடியாவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும்.

ஹலோ சார் தன் போனைப் புரட்டினார். பிளம்பர், கேஸ்காரர், பல் டாக்டர். அப்புறம் அக்கா. ஒரு வாய்ச்சண்டைக்குப் பிறகு ஆறு வருஷமாகத் தொடாத எண்.

"யாரு?"

"நான்தான்க்கா. தம்பி."

"எந்தத் தம்பி? போன வாரம்கூட ஒருத்தன் மருமகன்னு சொல்லிக்கிட்டு ஓடிபி கேட்டான். நீ என் தம்பின்னா, சின்ன வயசுல என் எந்தக் காதைக் கடிச்சே, சொல்லு."

"இடது காது."

"கடிச்சது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு!"

பேசியபடியே வாசலைத் தாண்டினார். டவர் கச்சிதமாக வாங்கிக்கொண்டது. நான்காவது நிமிடம்.

"சரி, என்ன விஷயம்?"

"சும்மாதான்."

"ஆறு வருஷம் கழிச்சு சும்மாவா? யார்கிட்ட கதை விடறே?" வைத்துவிட்டாள்.

அறுந்தால் அதே எண்ணுக்கு முதலிலிருந்து அழைக்க வேண்டும், அதுவும் விதி. உள்ளே திரும்பிப் போய், மேஜையருகே நின்று அழைத்தார்.

"அக்கா, வேலைக்காகத்தான் கூப்பிட்டேன். பத்து நிமிஷம் லைன்ல யாராவது இருக்கணும். எனக்கு வேற யாரும் இல்ல."

மறுமுனையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"அதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன். நீ பாட்டுக்குப் பேசு."

என்ன பேசுவதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தார்.

"முப்பத்தெட்டை விட்டுட்டே," என்றாள் அக்கா.

திருத்திக்கொண்டார். வாசலைத் தாண்டினார். பத்தாவது நிமிடத்தில், சோதனை தேறியதாகத் திரையில் பச்சை எரிந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டே தெருமுனைவரை போனார்.