திருக்கடையூரிலிருந்து நாகைக்கு, டிரைவர் இல்லாமல்

1976 ஜனவரி 31, சனிக்கிழமை. காலை எட்டரை மணிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பினோம். என் கணவருக்கு மறுநாள் அறுபதாம் கல்யாணம். மலேசியாவில், பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர் அவர். நான் அதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. திருக்கடையூரில் செய்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசைதான்; எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டேதான் அவர் கப்பல் ஏறினார். நாங்கள் திரும்பும் கப்பல் திங்கள் பிற்பகல் நாகையை விட்டுப் புறப்படும். அதைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

வாடகைக்கு ஓர் அம்பாசடர். இரண்டு நாளைக்கு நூற்றைம்பது ரூபாய், பெட்ரோல் உட்பட. காரைக்கால் வழியாக நாற்பத்திரண்டு கிலோமீட்டர். டிரைவர் காளிமுத்துவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பானெட்டின் முனையில் மாநில ஆளுங்கட்சிக் கொடி ஒன்றைச் சின்னதாகக் கட்டியிருந்தார்.

இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. என் கணவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். "உங்களுக்கு நிலம் இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இருக்குன்னும் சொல்லலாம், இல்லேன்னும் சொல்லலாம் ஐயா," என்றார் காளிமுத்து. ஆக்கூர் பக்கம் அவருடைய ஊர். அங்கே பதினோரு குடும்பம், அவருடையதையும் சேர்த்து, ஒரே மிராசுதாரின் நிலத்தைத் தகப்பன் காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் செய்கிறது. எழுத்தில் எதுவும் கிடையாது. இப்போது நிலத்தை விற்க நினைக்கும் மிராசுதார், இவர்கள் குத்தகைக்காரர்களே இல்லை, வெறும் கூலியாட்கள் என்கிறார். அதனால் பதினோரு பேரும் குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லி மனு போட்டிருக்கிறார்கள். மனு வாங்கிக்கொண்டதற்கான ரசீதுகளைத் தாலுகா ஆபீசிலிருந்து முந்தின நாள்தான் காளிமுத்து வாங்கி வந்திருந்தார். அவை வண்டியிலேயே இருந்தன.

"மிராசுதார் ரொம்பக் கொடுமைக்காரரா?" என்றேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. மூணு பொண்ணு வச்சிருக்கார். கல்யாணத்துக்கு நிலத்தை வித்தாகணும். நாங்க அதுல இருந்தா விலை போகாது."

கோயிலுக்குப் பக்கத்தில் அறை எடுத்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் எதிர் டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. மாநில ஆட்சி கலைக்கப்பட்டுவிட்டது. நாடு முழுவதும் ஏழு மாதமாக நெருக்கடி நிலை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு அது சுவரொட்டியில் பார்க்கும் சங்கதியாகத்தான் இருந்தது. டீ ஆற்றுகிறவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். காளிமுத்து எழுந்துபோய்க் கொடியை அவிழ்த்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 1, ஞாயிறு. காலை ஆறு மணிக்கு எங்களோடு இன்னும் நான்கு ஜோடிகள். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். பல் கிட்டிப்போகிற குளிர். என் கணவர் இரண்டாம் முறையாக எனக்குத் தாலி கட்டினார். கோயிலுக்குள் எல்லாம் வழக்கம்போல் நடந்தது.

ஒன்பதரைக்கு வெளியே வந்தால் பாதிக் கடைகள் திறக்கவில்லை. பஸ் ஒன்றும் கண்ணில் படவில்லை. காளிமுத்து வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்தியிருந்தார்.

"கட்சிக்காரங்களைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போகுதாம் அம்மா. நான் எங்க ஊர்க் கிளைச் செயலாளர். எப்படியும் வருவாங்க. அது பரவாயில்லை. ஆனா அந்த ரசீதெல்லாம் என்னோட சேர்ந்து மாட்டினா, திரும்பிக் கைக்கு வருமான்னு தெரியாது. எங்க ஊருக்கு ஆக்கூர் சாலையில நாலு மைல், அப்புறம் வாய்க்கால் கரையில ஒரு மைல். குடுத்துட்டு உங்களை நேரா நாகைக்குக் கொண்டுபோய் விட்டுடறேன். முடியாதுன்னாலும் தப்பா நினைக்க மாட்டேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். அறுபத்தொன்பதில் மலேசியாவில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடந்த கலவரத்தின்போது நான் பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போய் மாட்டிக்கொண்டவள். முன்பின் தெரியாத சீன மளிகைக்காரர் ஒருவர் கடை மாடியில் என்னை நான்கு நாள் வைத்துக் காப்பாற்றினார். அதை என் கணவர் நினைத்தாரோ என்னவோ, "போகலாம்," என்றார். ரசீதுகளை நான் வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, கூடையில் ஈரப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

மூன்றாவது மைலில் ஒரு மதகின் மேல் போலீஸ் ஜீப் நின்றது. இளவயது சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டிரைவர் பேர் என்ன?" என்று என்னிடம் கேட்டார். எந்தப் பெயரைச் சொல்வது என்று நான் தடுமாறுவதற்குள் காளிமுத்துவே சொல்லிவிட்டார்.

"நான்தான் சார், காளிமுத்து. இவங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டுட்டு நானே ஸ்டேஷனுக்கு வந்துடறேன்."

"எனக்கு உத்தரவு அண்ணே," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். குரலில் அதட்டல் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "இவர் உங்ககிட்ட எதாவது குடுத்து வச்சிருக்காராம்மா?" என்றார்.

"கூடையில ஈரப் புடவைதான் இருக்கு."

அவர் கூடையைப் பார்த்தார். இன்னும் ஈரம் காயாத என் தலையை, என் கணவர் கழுத்தில் இருந்த மாலையைப் பார்த்தார். கூடையைத் தொடவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துதான் விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வண்டியை யார் ஓட்டுவாங்க?"

"நான் ஓட்டுவேன்," என்றார் என் கணவர். "மலேசியா லைசென்ஸ் இருக்கு."

"இன்னிக்கு அதை யாரும் கேட்கப் போறதில்லை ஐயா. பார்த்துப் போங்க."

காளிமுத்து ஜீப்பில் ஏறும்போது வழி சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார்: "ஐயனார் கோயில் தாண்டி இடது பக்கம் திரும்பிடுங்க."

அந்த வண்டிக்குக் கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தது. இரண்டு முறை நின்றுபோய், மூன்றாவது முறை கிளம்பினோம். ஐயனார் கோயிலைத் தாண்டியதும் வயலில் ஆண்களும் பெண்களுமாக முப்பது பேர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கார் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர்களில் ஒரு பெண் அரிவாளோடு கரையேறி வந்தாள். ஓட்டுகிறவர் வேறு ஆள் என்று கண்டதும் அவள் நடை நின்றுவிட்டது. அவள்தான் காளிமுத்துவின் மனைவி பாக்கியம்.

நடந்ததைச் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்தவள், "அடிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. மரியாதையாத்தான் கூட்டிட்டுப் போனாங்க."

"சாப்பிட்டிருந்தாரா?"

கூடையிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்களே பேர் சொல்லிக் குடுத்துடுங்க," என்றாள்.

இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் வகுப்பில் பெயர் வாசிக்கிறவள் நான். அன்று வரப்பில் நின்று பதினோரு பெயர் வாசித்தேன். ஒவ்வொருவராகச் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் போனார்கள்; காளிமுத்துவின் ரசீதைப் பாக்கியம் வாங்கிக்கொண்டாள். மாரியாயி என்ற விதவைப் பெண் மட்டும் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினாள். "இன்னொரு தடவை படிங்க. என் பேர்தானா?"

அவள் பெயரையும், அதன் கீழே இருந்த வயலின் சர்வே எண்ணையும் திரும்பப் படித்தேன். தலையாட்டிவிட்டு, அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி வயலில் இறங்கினாள். ஆட்சி போன செய்தி கேட்டு மிராசுதார் வெளியூர் ஆட்களை வைத்து அறுத்துவிடுவாரோ என்று எல்லோருக்கும் பயம். அன்றைக்கே அறுத்து முடித்துவிடுவதென்று விடியலில் இறங்கியிருந்தார்கள்.

பாக்கியம் வீட்டுக்குப் போய் ஒரு தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்டேஷன் எங்கள் வழியில்தான். அவளைப் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனோம். வழியில் அவள் பேசியதெல்லாம் "இங்க திரும்புங்க", "பள்ளம் இருக்கு" என்பவைதான்.

ஸ்டேஷனுக்குள் போய் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தாள். சட்டி காலியாக இருந்தது. "திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோறாங்களாம்," என்றாள்.

"வீட்டுல கொண்டுவந்து விடறேம்மா," என்றார் என் கணவர்.

"வேண்டாங்க ஐயா. நடந்துடுவேன். நீங்க இருட்டுறதுக்குள்ள நாகை போய்ச் சேருங்க. அறுப்பு கிடக்குது." திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.

மாலை நான்கரைக்கு நாகையில் வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைத்தோம். மறுநாள் பிற்பகல் படகில் போய், தூரத்தில் நின்ற கப்பலில் ஏறினோம். கோலாலம்பூரில் அந்த நான்கு நாளும் எனக்குப் போக இடம் இருக்கவில்லை. என் நாடே அதுதான். இங்கே ஒரு நாள் குழப்பத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். கரை மறைகிறவரை என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பிள்ளையைத் தனியா நடக்க விட்டிருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடம் பொங்கல் கழிந்து, பாக்கியம் யாரையோ கொண்டு எழுதிய கடிதம் வந்தது. காளிமுத்து வந்துவிட்டார், இளைத்திருக்கிறார், மறுபடி வண்டி ஓட்டுகிறார். எட்டுப் பேருக்குக் குத்தகை பதிவாகிவிட்டது, மாரியாயிக்கும்தான். மற்ற மூன்று பேருக்கு வழக்கு நடக்கிறது. கடைசியில் இப்படி எழுதியிருந்தது:

"அன்னைக்கு அத்தனை தூரம் வந்தீங்க. உங்க ரெண்டு பேரையும் சாப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோணாமப் போச்சு. ஒரு வருஷமா அதுதான் மனசுல கிடக்குது."